அடுத்த வாரம் இதுலேருந்து ஆரம்பிக்கலாம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தது மீனலோசனி மேடம்தான் சார். என் கூடப்பிறந்தவன் செய்தது அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், அது தனி. இந்தக் கதையில் முதல் ஆள் மேடம். ரெண்டாவது ஆள் பியூலா என்கிற பொண்ணு. அவள்தான் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறாள். அதை வாங்கத்தான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

பணப் பாக்கி இல்லை. பணம் என்றால் விட்டிருப்பேன்.

நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்? சரி சரி, சொல்ல வேண்டாம். இந்த மனநலப் பிரிவு வராண்டாவில் அதைக் கேட்கக் கூடாது, தெரியும். ஆனால் என்னைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நோயாளி இல்லை. கையில் சீட்டு இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். அதற்காக எடுத்தது.

மேடம் என்ன செய்தார் என்றால், என் பெண்டாட்டியைச் சாகடித்தார். பதறாதீர்கள். அவள் வீட்டில்தான் இருக்கிறாள், பிரம்மசக்தி என்று பெயர், நன்றாகச் சாப்பிடுகிறாள். காலேஜில்தான் செத்துப்போனாள்.

நான் அந்தக் காலேஜில் பஸ் ஓட்டினவன் சார். ரிடையர் ஆன பிறகும் ஆவுடையப்பன் அண்ணாச்சி என்றால் அங்கே வாட்ச்மேனிலிருந்து பிரின்சிபால் வரைக்கும் தெரியும். மனோதத்துவம் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷம் இந்தப் பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். அதோ, அந்தக் கடைசி ரூமில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இருக்கிறார்களே, அவர்கள்தான். வருவதற்கு முன்னால் யாரிடமாவது பேசிப் பழக வேண்டாமா? நாங்கள் வண்டி பழகும்போது முதலில் காலி மைதானத்தில் விடுவார்கள். அங்கே இடித்தாலும் புல்லுக்குத்தான் சேதம். அந்த மாதிரி ஒரு மைதானம் வேண்டும் என்று மேடம் என் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் வச்சுப் பழகினா சிரிச்சிருதாங்க அண்ணாச்சி. நீங்க வந்து எதுத்தாப்புல உக்காந்தா போதும்."

"உக்காந்து என்ன செய்யணும்?"

"மனசு சரியில்லாத மாதிரி இருக்கணும்."

அடுப்படியிலிருந்து பிரம்மசக்தி குரல் கொடுத்தாள். "அதுக்கு அவிய நடிக்கவே வேண்டாமே மேடம். அப்படியே கூட்டிட்டுப் போங்க."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு கேஸ் சொல்லிக் கொடுத்தார். கேஸ் என்றால் வழக்கு இல்லை, வேஷம். என் பெயர் பரமசிவம். என் மனைவி செத்து ஆறு மாதம். தூக்கம் வரவில்லை. யாரோடும் பேசுவதில்லை. இதுதான் கேஸ். மனைவி சாகிறாள் என்பதை மேடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பிரம்மசக்தி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார் சார். இதைவிட அநியாயம் உண்டா?

புதன்கிழமை புதன்கிழமை போனேன். போய்விட்டு வந்தால் வாசலிலேயே விசாரணை.

"இன்னைக்கு எத்தனை தடவ செத்தேன்?"

"நாலு பிள்ளைகள் வந்தாவ. நாலு தடவ."

"ஒரு பிள்ளையாவது அழுதுச்சா?"

"ஒரு பையன் தலையை ஆட்டினான்."

"நீங்க அழுதியளா?"

இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். அழுதேன் என்றால் பொய். அழவில்லை என்றால் ராத்திரிக்குச் சோறு இல்லை. தொண்டை கட்டின மாதிரி இருந்தது என்று சொன்னேன். "தொண்டை கட்டினதுக்கு மிளகு ரசம் குடிங்க" என்று ரசத்தை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை மேடத்திடம் சொன்னேன். "மேடம், கேசை மாத்தணும். சாவே வேண்டாம்."

"அப்ப உங்களுக்குத் தோதா ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு சண்டை, ஒரு வருத்தம். சும்மா கற்பனையா."

கற்பனையாகத்தான் சொன்னேன். பரமசிவம் ஒரு காலேஜ் பஸ் டிரைவர் என்று வைத்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு இளையவன். ஒரே ஊர். ரெண்டு பஸ் மாறினால் வீடு. அந்த இளையவன் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தான். கூடப்பிறந்த அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பா, அவன் வீட்டுக்குத் தட்டோடு வந்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று பத்திரிகை வைக்க வேண்டுமா வேண்டாமா? இவன் என்ன செய்தான்? வாட்சப்பில் அனுப்பினான். போட்டோ பிடித்து அனுப்பினான் சார். மாம்பழக் கலர் பத்திரிகை. அதற்குக் கீழே ரெண்டு கை கும்பிடுகிற பொம்மை. கூடப்பிறந்தவனுக்குப் பொம்மை கும்பிடு.

அந்த நேரம் அவனுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது என்பார்கள். பிரம்மசக்தியும் அதையேதான் சொல்லுவாள். கால்தானே முறிந்தது? ஆட்டோ முறியவில்லையே.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. பரமசிவம் போகவில்லை. அன்றையிலிருந்து பேச்சு இல்லை. ஆறு வருஷம். இப்போது ரெண்டாவது மகளுக்குக் கல்யாணம் வருகிறது, தை பிறந்ததும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஊரில் நாலு பேர் சொல்வதுதான். இந்தத் தடவை தட்டு வருகிறதா, பொம்மை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொம்மை வந்தால் அவ்வளவுதான், இனி எந்தப் பிறவியிலும் கிடையாது. நான் ஒன்றும் காத்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

இதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் கேட்கிற அழகைப் பாருங்கள். நான் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அதுதான் பாடம்.

"உங்க தம்பி பத்திரிகையை வாட்சப்புல அனுப்பினாருன்னு சொல்றீங்க" என்றான் ஒரு பையன்.

"அனுப்பினான்னு சொல்லுதேன். பின்ன, பொய்யா சொல்லுதேன்?"

"இல்லை அண்ணாச்சி... உங்களுக்குக் கோபம் இருக்குன்னு தோணுது."

"நீ பேசினதுக்கு அப்புறம்தாம்ல கோபம் வந்துச்சு."

போலீஸ் ஸ்டேஷனில்தான் சார் அப்படிக் கேட்பார்கள். 'வீட்டில் இருந்தேன்னு சொல்றீங்க.' பையனுக்கு வேர்த்துவிட்டது. மேடம் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு ஆள் கிடைக்கிறது கஷ்டம்ப்பா, நல்லாப் பழகிக்கோங்க" என்றார். என்னைப் பாராட்டினாரா, கிண்டல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு பாடம், பேசாமல் இருப்பது. நோயாளி பேசாவிட்டால் இவர்களும் பேசாமல் காத்திருக்க வேண்டும். ரிஸ்வான் என்று ஒரு பையன், நல்ல பையன், என் எதிரே வந்து உட்கார்ந்து பேசாமல் இருந்தான். நானும் பேசாமல் இருந்தேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு எத்தனை கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்திருப்பேன்? என்னோடு போட்டியா? கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?"

மேடம் ஸ்கேலால் மேசையைத் தட்டினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். உடனே எழுந்து ஓடக் கூடாது. நோயாளியை அந்தரத்தில் விட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார்கள். "அடுத்த வாரம் இதுலேருந்து ஆரம்பிக்கலாம்." எல்லாப் பிள்ளைகளும் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். கண்டக்டர் 'போலாம் ரைட்' சொல்கிற மாதிரி. நானும் தலையாட்டுவேன். அடுத்த வாரம் வேறு பிள்ளை வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கடைசிப் புதன்கிழமை பியூலா வந்தாள். கடைசி என்று எனக்குத் தெரியாது.

பியூலா ரெண்டு வருஷம் என் பஸ்ஸில் வந்தவள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவாள், வாந்தி வரும் என்பதால். அதிகம் பேச மாட்டாள். வந்து உட்கார்ந்தாள். நானும் மாம்பழக் கலரிலிருந்து ஆரம்பித்துப் பொம்மை வரைக்கும் சொன்னேன். தலையை ஆட்டவில்லை. திருப்பிச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வாட்டர் டேங்க் ஸ்டாப்புல யாருமே ஏற மாட்டாங்கல்லா அண்ணாச்சி?" என்றாள்.

கேசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? "ஏற மாட்டாக" என்றேன்.

"ஆனா நீங்க நிறுத்துவீங்க."

"இஞ்சின் சூடு ஆறட்டும்னு நிறுத்துவேன்."

"மழை பெய்யும்போதும் நிறுத்துவீங்க."

என் கூடப்பிறந்தவன் வீடு அந்த வாட்டர் டேங்க் தெருவில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். மழையில் இஞ்சின் சூடாகாது என்று யார் சொன்னது? டீசல் வண்டியைப் பற்றி அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?

நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். ரிஸ்வான் மாதிரி இல்லை சார். நல்லாப் பழகின வண்டி நிற்கிற மாதிரி, சத்தம் இல்லாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணாச்சி, பஸ்ல நீங்க பொம்பளைப் பிள்ளைகளை எல்லாம் 'தாயி'ம்பீங்க. பையங்களை மட்டும் 'ஏ பச்சைச் சட்டை', 'ஏ பையை இழு', 'ஏ கண்ணாடி'ன்னுதான் கூப்பிடுவீங்க. யாரையும் தம்பின்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கடைசியா யாரை அப்படிக் கூப்பிட்டீங்க?"

கேட்டுவிட்டாள் சார். கேட்கிற கேள்வியா அது?

எனக்கு அந்த ரூமில் ஃபேன் காற்று நேராக மூஞ்சியில் அடித்தது. ஃபேனில் தூசி. காலேஜில் ஃபேனைத் துடைக்க ஆளே கிடையாது, நான் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். ஏதோ சொல்லத்தான் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

மேடம் ஸ்கேலால் தட்டினார்.

பியூலா எழுந்திருக்கவில்லை. என் கையைத் தொட்டு, மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வாரம் இதுலேருந்து ஆரம்பிக்கலாம் அண்ணாச்சி."

மற்ற பிள்ளைகள் சொன்னது 'போலாம் ரைட்'. இவள் சொன்னது அப்படி இல்லை. நிஜமாகச் சொன்னாள். நான் அந்த வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். பல் தேய்க்கும்போதும் அதுதான். பிரம்மசக்தி, "காலேஜுல யாரைச் சாகடிச்சுட்டு வந்திய? மூஞ்சி இப்படி இருக்கு" என்றாள்.

புதன்கிழமை சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ரூம் பூட்டியிருக்கிறது. மேடத்தைத் தேடிப் பிடித்தால், "அய்யோ அண்ணாச்சி, பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போயாச்சே! உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு" என்று, அங்கேயே ஆபீஸ் அலமாரியைத் திறந்து ஒரு பொன்னாடை எடுத்துப் போர்த்தினார். கிளார்க் ரெண்டு பேர் கை தட்டினார்கள். பொன்னாடை யாருக்கு வேண்டும்? இந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கவா முடியும்?

அதனால் இங்கே வந்தேன். வாசலில் சீட்டு போடுகிற அம்மா, "என்ன தொந்தரவு?" என்று கேட்டது. நான் பாக்கி வசூலுக்கு வந்திருக்கிறேன் என்றால் விடுமா? கேசில் இருப்பதைச் சொன்னேன். "தூக்கம் வரலை." எவ்வளவு நாளாக என்று கேட்டது. கேசில் ஆறு மாதம் என்றுதான் இருக்கிறது. வாய் தவறி ஆறு வருஷம் என்று வந்துவிட்டது. அந்த அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டது. நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

முதல் தடவை பியூலா வேறு வார்டில் இருந்தாள், பார்க்க முடியவில்லை. போன வாரம் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "அண்ணாச்சி! என்ன இங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நீ அடுத்த வாரம்னு சொன்ன. வந்திருக்கேன்."

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது சார். கண்டக்டர் விசில் அடித்து, வண்டியும் எடுத்த பிறகு, ஏற வேண்டிய ஆள் கீழேயே நிற்கிறான் என்று தெரிந்தால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும் பாருங்கள், அந்த மாதிரி. "அண்ணாச்சி, அது... அது பழக்கத்துக்குச் சொல்றது. ஆனா நான்..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அப்புறம், தெரிந்தவர்களை நோயாளியாக அவள் பார்க்கக் கூடாது, அது அவர்கள் சட்டம் என்றாள். "ரிஸ்வான் இருக்கான் அண்ணாச்சி, அவன் நல்லாக் கேப்பான். அவன்கிட்டச் சொல்லட்டுமா?"

"வாக்குக் கொடுத்தது நீ. வந்து உக்காருறது ரிஸ்வானா? அவன் டீ சொல்லுவான்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கின மாதிரி இருந்தது. இங்கேயும் ஃபேன் தூசிதான் போல. "சரி அண்ணாச்சி. எங்க பெரிய டாக்டரம்மாகிட்ட கேக்குதேன், ஒரே ஒரு தடவ உக்காந்து பேசலாமான்னு. விட மாட்டேன், கேட்டுச் சொல்லுதேன். அடுத்த வாரம் வாங்க."

பார்த்தீர்களா? மறுபடியும் அடுத்த வாரம். ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்று. அதான் இன்று வந்து முதல் ஆளாகச் சீட்டுப் போட்டு...

இருங்கள் சார், போன் அடிக்கிறது. வீட்டிலிருந்துதான். காது கொஞ்சம் மந்தம், நான் கத்தித்தான் பேசுவேன், தப்பாக நினைக்காதீர்கள்.

"ஆ, சொல்லு. ...ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், வேற எங்க இருப்பேன்? ...யாரு? ...யாரு வந்திருக்கா? ...ரெண்டு பேருமாவா? ...தட்டா? என்ன தட்டு? ...சரி, அதுல என்ன இருக்கு? வெத்தலை பாக்கு வச்சிருக்கா? சரியாப் பாத்தியா? ...ஏன் அழுதான்? ...நீ எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொன்ன? கடைக்குப் போயிருக்காவன்னு சொல்ல வேண்டியதுதானே! ...வேண்டாம் வேண்டாம், போனைக் குடுக்காத. போன்ல பேசினா அது பொம்மைக் கதைதான். ...இங்கயா? இங்க வரக்கூடாது! மனநலப் பிரிவு வாசல்ல தட்டை நீட்டிட்டு நிப்பானா? உக்காரச் சொல்லு. வாசலைப் பூட்டு. ...காப்பி குடு. சீனி கம்மியாப் போடு, அவனுக்குச் சீனி ஆகாது. ...எனக்கு எப்படித் தெரியும்னா என்ன அர்த்தம்? ஊருல நாலு பேர் சொல்லுதாவ. வை போனை."

பார்த்தீர்களா சார் அநியாயத்தை? ஆறு வருஷம் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். காலையில் போன் பண்ணி அண்ணன் இருக்காகளா என்று கேட்டானாம். இவள் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்காக என்றிருக்கிறாள். எதற்கு, ஏது என்று கேட்காமல் ஆட்டோவைப் பிடித்து வந்துவிட்டானாம். அப்போதும் தட்டை மறக்கவில்லை பாருங்கள், அது ஒன்றுதான் சரியாகச் செய்திருக்கிறான். எங்க அண்ணனுக்கு என்ன, எந்த வார்டு, நான் போகிறேன் என்று வாசலில் நிற்கிறானாம். இவள் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாளாம்.

இது வந்ததில் சேர்த்தியா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஆள் இல்லாத வீட்டில் தட்டு வைத்தால் அது வைத்ததாகுமா? நான் போய் எதிரே நின்று வாங்கினால்தான் கணக்கு. அதற்குத்தான் போகிறேன். வேறு ஒன்றும் இல்லை. இப்போது போகவில்லை என்றால் அவன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவான், விவரம் இல்லாதவன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒரு இடத்தில் இருக்கச் சொன்னால் இருக்க மாட்டான்.

என் நம்பர்தான் கூப்பிடுகிறார்களா? கூப்பிடட்டும். அந்தா பாருங்கள், கடைசி ரூமிலிருந்து எட்டிப் பார்க்கிறது, ரெட்டைச் சடை, அவள்தான் பியூலா. இங்கேதான் பார்க்கிறாள். யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறாள், பெரிய டாக்டரம்மா போல இருக்கிறது. கேட்டுவிட்டாளே பொண்ணு! ஆனால் இப்போது நின்றால் பஸ் போய்விடும். வீட்டுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும்.

நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். அவள் இங்கே வந்தால் சொல்லுங்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி பயந்து ஓடவில்லை, அவசர வேலையாகப் போயிருக்கிறார். பாக்கி பாக்கிதான், அப்படியே நிற்கிறது, ஒன்றும் கழியவில்லை. அடுத்த வாரம் இதுலேருந்து ஆரம்பிக்கலாம்னு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பையைக் கொஞ்சம் நகட்டுங்க. காலை எடுங்க, தட்டிவிட்டிராம. மறக்காமச் சொல்லிருங்க, என்ன? வாரேன் தம்பி.